ஊதா வரிசையில் உயிரோடு எத்தனை

"போயிட்டு வரேன்" என்று பூனையிடம் சொல்லிவிட்டு ஜன்னலைச் சாத்தினாள்.

எதிர் மாடியில் தண்ணீர்த் தொட்டிக்குக் கீழே, மோட்டார் மேடை மேல், அது வழக்கம்போலச் சுருண்டு கிடந்தது. மூன்று மாதமாக அதே இடம், அதே சாம்பல் நிறம். ஒரு நாளும் பதில் சொன்னதில்லை. ஆனால் முகத்தைத் திருப்பிக்கொண்டதும் இல்லை. ஐம்பத்தேழு வயதில் அதுவே போதும் என்று வைத்துக்கொண்டாள்.

அக்கா இருந்தவரை பூனையோடெல்லாம் பேச நேரமே கிடைத்ததில்லை. அக்கா அச்சகத்தில் முப்பது வருடம் பிழை திருத்தியவள். ஓய்வு பெற்ற பிறகு திருத்த எதுவும் கிடைக்காமல், காலையில் செய்தித்தாளை உரக்கப் படித்து உலகத்தைத் திருத்திக்கொண்டிருந்தாள்.

"கேட்டியாடி, மந்திரிக்கு ஒரே பத்தியில ரெண்டு வயசு போட்டிருக்கான். மேல அறுபத்தொண்ணு, கீழ அம்பத்துநாலு. படிக்கப் படிக்க ஆளு இளமையாகிட்டே போறாரு."

"நீ முதல்ல சாப்பிடு. ஆறிப் போகுது."

"ஆறட்டும். ஒருத்தர் படிக்கணும், ஒருத்தர் பாக்கணும். ரெண்டையும் ஒரே ஆளு செஞ்சா பிழை நம்ம முகத்துக்கு நேரா சிரிச்சுட்டுத் தாண்டிப் போயிடும். இவனுங்க ஒரே ஆளை வச்சு ஒப்பேத்தறானுங்க."

இருவரும் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கேட்டவர்களிடம் அக்கா, "வீட்ல ஏற்கெனவே ஒருத்தி என் பேச்சைக் கேக்கறதில்ல. இன்னொரு ஆள் எதுக்கு?" என்பாள். செய்தித்தாளை அக்கா படித்தாள். ஊசியில் நூலை அக்கா கோத்தாள். பால் வாங்கும் சாக்கில் பஸ் நிறுத்தம் வரை கூட வந்து, "வந்துடுச்சு, ஏறுடி" என்று முதுகில் கை வைத்துத் தள்ளியதும் அக்காதான். எட்டு மாதத்துக்கு முன்னால் ஒரு மத்தியானம் படித்துக்கொண்டே இருந்தவள் பாதி வரியில் நிறுத்தினாள். "என்ன, மேல படி" என்று தங்கை சமையலறையிலிருந்து குரல் கொடுத்தாள். அதற்குப் பதில் வரவில்லை.

அன்றிலிருந்து அவளை "நீ" என்று கூப்பிட உலகத்தில் ஒருவரும் இல்லை.

இன்று காலை நிறுத்தத்தில் பஸ் வந்தது. எட்டாம் எண். ஏறி உட்கார்ந்தாள்.

"எங்கம்மா?" என்றார் கண்டக்டர்.

"ஆத்துப் பாலம் ஒண்ணு."

"இது மூணாம் நம்பர்மா. ஆத்துப் பாலம் போகாது."

"எட்டுன்னுதானே போட்டிருக்கு?"

"மூணுன்னு ஆள் உயரத்துக்கு எழுதியிருக்கு."

"எழுதினவன் எட்டு மாதிரி எழுதியிருக்கான்."

"ஆமா, அவன் மேல பழியைப் போடுங்க. பக்கத்துல இத்தனை பேர் நிக்கறாங்க, ஒரு வார்த்தை கேட்டா நாக்கா தேஞ்சுடும்?"

பின் இருக்கையில் யாரோ சிரித்தார்கள். அடுத்த நிறுத்தத்தில் இறங்கி, வேறு பஸ் பிடித்து, ஆய்வுக்கூடத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது நாற்பது நிமிடம் தாமதம்.

"என்னக்கா, சூரியன் மேற்கால உதிச்சுடுச்சா?" என்றார் வாசல் காவலாளி. "முப்பத்தொரு வருஷத்துல நீங்க லேட்டா வந்து நான் பாத்ததில்ல."

"நீங்க வந்தே ஆறு வருஷம்தான் ஆகுது."

"எனக்கு முன்னாடி இருந்தவர் சொல்லிட்டுப் போனாரு."

வீட்டில் தங்கையாக இருந்தவள் இங்கே எல்லோருக்கும் அக்கா. எண்ணிக்கை அக்கா. புதிதாகத் தயாரிக்கிற ரசாயனங்கள் ஆற்றிலும் ஏரியிலும் கலந்தால் அங்கே வாழும் உயிர்களுக்கு என்ன ஆகும் என்று பார்த்துச் சொல்கிற இடம் அது. அதில் அவள் வேலை நீர்த்தெள்ளுகளை எண்ணுவது. கடுகில் பாதி இருக்கும், கண்ணாடி போல உடம்பு, தண்ணீரில் தத்தித் தத்திக் குதிக்கும் பூச்சி. மீன் குஞ்சுகளின் சாப்பாடு. அது இல்லாவிட்டால் மீன் இல்லை.

இப்போது நடப்பது, துணி ஆலையில் சாயம் சீராக ஏறுவதற்காக ஊற்றும் ஒரு திரவத்தின் சோதனை. இருபத்தொரு நாள். அறுபது பீக்கர், ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு தாய்த்தெள்ளு. ஆறு நிறத்தில் வில்லை ஒட்டி, நிறத்துக்குப் பத்தாக ஆறு வரிசை. ஒரு நிறத்தில் வெறும் நல்ல தண்ணீர். மற்ற ஐந்தில் அந்தத் திரவம், கொஞ்சத்திலிருந்து நிறைய வரை. எந்த நிறத்தில் எவ்வளவு என்பது மேனேஜரின் மேசை இழுப்பறையில் ஒட்டிய உறைக்குள் இருக்கிறது. எண்ணுகிறவளுக்குத் தெரியக் கூடாது. தெரிந்தால் கை ஒரு பக்கம் சாயும்.

தினமும் காலையில் ஒவ்வொரு தாயும் போட்டிருக்கும் குஞ்சுகளைப் பிப்பெட்டால் உறிஞ்சி, வெளிச்சப் பெட்டி மேல் வைத்த தட்டில் விட்டு, எண்ணி எழுத வேண்டும். உயிரோடு எத்தனை, செத்தது எத்தனை என்று இரண்டு கட்டம். எண்ணிய குஞ்சுகள் திரும்பத் தாயிடம் போவதில்லை. தாய் இருபத்தொரு நாளும் தனியாகத்தான் இருக்க வேண்டும். கூட்டமாக விட்டால் யார் பிள்ளை யாருடையது என்று தெரியாது.

"என்னடி, ராத்திரி எத்தனை பெத்த?" என்று ஒவ்வொரு பீக்கரிடமும் கேட்டுக்கொண்டேதான் எண்ணுவாள். குளிர்சாதனம் உறுமும் அந்த அறையில் வேறு சத்தம் கிடையாது. கதவில் ஒரு காகிதம் ஒட்டியிருந்தது: எண்ணிக்கை நடக்கிறது, பேசாதீர்கள். ஒட்டியவளும் அவள்தான். வீட்டில் அக்கா இறந்த பிறகு அதைக் கிழித்துவிடலாமா என்று ஒருமுறை தோன்றியது. கிழித்தாலும் யார் வந்து பேசப் போகிறார்கள்?

இன்று பதினெட்டாம் நாள். அவள் உள்ளே நுழைந்தபோது அவளுடைய முக்காலியில் கெமிஸ்ட் உட்கார்ந்திருந்தாள். முப்பது வயதுப் பெண். வந்து சேரும் திரவங்களில் என்னென்ன இருக்கிறது என்று பார்ப்பது அவள் வேலை. பதறி எழுந்தாள்.

"ஐயோ அக்கா, நீங்க வரலையேன்னு... ஊதா வரிசை மட்டும் எண்ணிட்டேன். சும்மாதான். நீங்க ஒரு தடவை பாத்துடுங்க."

"உக்காந்தா உக்காரு, அதுக்கு எதுக்கு ஐயோ? முக்காலி என்ன என் சொத்தா?" என்றாள். ஆனால் கெமிஸ்ட் விலகி வழி விடும் வரை அவளும் நின்றுகொண்டே இருந்தாள்.

பதிவேட்டைக் கண்ணருகே தூக்கிப் பார்த்தாள்.

"இது என்ன, ஊதா மூணுல?"

"உயிரோட அஞ்சு, செத்தது பதினொண்ணு."

"பதினொண்ணா? நேத்து வரைக்கும் இந்த வரிசையில ஒரு குஞ்சு செத்ததில்லையே."

கெமிஸ்ட் எட்டிப் பார்த்தாள். பதினேழு நாளாக 'செத்தது' கட்டத்தில் வரிசையாகச் சைபர். முத்து முத்தாக அக்காவின் கையெழுத்து. பக்கத்தில் 'பார்த்தேன்' என்ற கட்டத்தில் பெரும்பாலும் கெமிஸ்டின் சுருக்கொப்பம்.

"அப்போ நான்தான் தப்பா எண்ணிட்டேன்போல அக்கா. உங்க கண்ணு எனக்கு ஏது? குடுங்க, மாத்திடறேன். மொத்தம் பதினாறு, உயிரோட பதினாறு. சரியா?"

பேனாவைத் திறந்தே விட்டாள்.

"இரு, இரு. தட்டு இருக்கா?"

"இருக்கு. இதோ."

வெளிச்சப் பெட்டி மேல் தட்டு இருந்தது. அக்கா குனிந்தாள். எப்போதும் செய்வதுபோலப் பிப்பெட் முனையால் தண்ணீரை லேசாகக் கலக்கினாள். பதினாறும் ஓடின.

"பாரு, எப்படி ஓடுது."

"ஆமாக்கா" என்றாள் கெமிஸ்ட். பிறகு மெதுவாக: "தண்ணி ஓடுதுக்கா."

அக்கா பிப்பெட்டைக் கீழே வைத்தாள். விதி அவளுக்குத் தெரியாததா? புதிதாக வருகிறவர்களுக்கு அவளே சொல்லிக்கொடுத்த விதி: தட்டை லேசாக அசை, கையை எடு, பதினைந்து விநாடி பார், தானாக நகர்ந்தால்தான் உயிர். கையை எடுத்தாள். மனசுக்குள் பதினைந்து எண்ணினாள். தட்டில் சாம்பல் புள்ளிகள். ஓரமெல்லாம் பால் ஊற்றியதுபோல மங்கல். ஒன்று நகர்ந்ததா, அவள் இமைத்ததா, தெரியவில்லை.

எத்தனை நாளாகக் கையை எடுக்காமலே எண்ணிக்கொண்டிருக்கிறோம் என்று யோசித்தாள். அதுவும் நினைவில் இல்லை. அசைத்துக்கொண்டே எண்ணினால் புள்ளிகள் தெரிகின்றன. நின்றுவிட்டால் தெரிவதில்லை. கை தானாகவே கண்ணுக்கு உதவப் பழகிவிட்டது, ஒருவரிடமும் சொல்லாமல்.

"ஒரு விளையாட்டு விளையாடலாமா?" என்றாள்.

"இப்பவா?"

"பத்து தட்டு எடு. சிலதுல உயிரோட இருக்கற குஞ்சு அஞ்சஞ்சு விடு. சிலதுல இந்த வரிசையில செத்தது அஞ்சஞ்சு. எதுல எதுன்னு அடியில ஒரு சீட்டு எழுதி ஒட்டிக் கலைச்சு வை. நான் சொல்றேன்."

"எதுக்குக்கா இதெல்லாம்..."

"தெரியாத திரவம் வந்தா என்ன செய்யறோம்? ஆளு நல்லவன் மாதிரி இருக்கான்னு விட்டுடறோமா? சோதிச்சுத்தானே பாக்கறோம். எடு."

கெமிஸ்ட் தட்டுகளை வைத்தாள். அக்கா ஒவ்வொன்றையும் அசைத்தாள், கையை எடுத்தாள், பதினைந்து எண்ணினாள்.

"உயிரோட."

கெமிஸ்ட் அடுத்த தட்டை நகர்த்தி வைத்தாள்.

"இதுவும் உயிரோட. இது... இதுவும் உயிரோடதான்."

கெமிஸ்ட் கையைப் பிசைந்தாள். நாலாவது தட்டில் அக்கா வெகுநேரம் குனிந்திருந்தாள்.

"செத்தது."

கெமிஸ்ட் இருமினாள்.

"இல்ல, உயிரோட" என்றாள் அக்கா.

ஐந்தாவது, ஆறாவது தட்டுகளுக்கு இருமல் இல்லை. ஏழாவதில் அவள் வாயைத் திறந்ததும் மறுபடி இருமல்.

அக்கா நிமிர்ந்தாள். "உனக்கு என்ன, சளியா?"

"ஏசி ஒத்துக்கல அக்கா."

"மூணு வருஷமா ஒத்துக்கிட்ட ஏசி, இன்னிக்குத்தான் ஒத்துக்கலையா?"

கெமிஸ்ட் தலையைக் குனிந்துகொண்டாள். அவள் கண்ணில் நீர் இருந்திருக்கும். அக்காவுக்கு அதுவும் தெரியவில்லை. தெரிந்தது, அவள் மூக்கை உறிஞ்சிய சத்தம் மட்டும்.

"இருமாம நில்லும்மா. மீதி மூணு இருக்கு."

மூன்றும் முடிந்தது. கெமிஸ்ட் சீட்டுகளைத் திருப்பிப் பார்த்தாள்.

"சொல்லு."

"நாலு சரி."

"நாலுலயும் இருமல் எத்தனை?"

"...ரெண்டு."

"அப்போ ரெண்டு. காசைச் சுண்டிப் போட்டிருந்தா அஞ்சு வந்திருக்கும்." சிரிக்கப் பார்த்தாள். வரவில்லை. "சரி, இப்போ நீ சொல்லு. இத்தனை நாளா பக்கத்துல 'பார்த்தேன்'னு கையெழுத்துப் போட்டிருக்கியே. அஞ்சு பீக்கருக்கு ஒண்ணு ரெண்டாவது ஆள் திரும்ப எண்ணணும்ங்கறதுதானே விதி. ஒண்ணாவது எண்ணினியா?"

"நீங்க எண்ணினதை நான் திரும்ப எண்ணறதா? உங்களை நம்பாத மாதிரி ஆயிடாதா அக்கா?"

"நம்பாத மாதிரி ஆகறதுக்குத்தான் அந்தக் கட்டமே வச்சிருக்கு."

அதைச் சொன்ன பிறகு அவளுக்கே உறைத்தது. இந்தப் பெண்ணைக் குறை சொல்லி என்ன? முப்பத்தொரு வருடமாக, 'அக்கா எண்ணினா எண்ணினதுதான்' என்ற பேச்சைக் கேட்டுக் கேட்டு அதிலேயே சுகம் கண்டவள் யார்? அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஒருவரும் எண்ணவில்லை. மரியாதை என்று சொல்லி எல்லோரும் நாலடி தள்ளி நின்றுவிட்டார்கள். அவளும் கதவில் காகிதம் ஒட்டினாள்.

"அக்கா" என்றாள் கெமிஸ்ட் மெல்ல. "இன்னும் மூணே நாள். மீதியை நான் எண்ணறேன். நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம். கண்ணுல புரைன்னா ஆபரேஷன் பண்ணிக்கிட்டா சரியாயிடும். யாருக்கும் தெரியாது."

"ஊதாக் குஞ்சுக்குத் தெரியுமே."

"அதுங்கதான் செத்துடுச்சே."

"அதைத்தானே நான் உயிரோடன்னு எழுதியிருக்கேன்."

மேனேஜரின் அறைக்குப் பத்து அடி. அந்தப் பத்து அடியில் அவள் மூன்று முறை நின்றாள். சொன்னால் முக்காலி போய்விடும். ஓய்வுக்கு இன்னும் பதினான்கு மாதம் இருந்தது. அந்தப் பதினான்கு மாதத்தின் காலைகளை அவள் விரலால் தடவித் தடவி வைத்திருந்தாள். வீட்டில் அவள் எழுந்தாலும் எழாவிட்டாலும் கேட்க ஆளில்லை. இங்கே அறுபது பீக்கராவது காத்திருக்கும். அது போனால் பூனை ஒன்றுதான்.

மேனேஜர் போனில் இருந்தார். கையால் நாற்காலியைக் காட்டினார். அவள் உட்காரவில்லை.

"துணி ஆலைக்காரங்கதான்" என்றார் போனை வைத்துவிட்டு. "அறிக்கை எப்போ வரும்னு குடையறாங்க. பீப்பாயில ஆத்துக்கு ஆபத்துன்னு செத்த மீன் படம் ஒட்டணுமா, வேணாமான்னு அதுல நம்ம கையெழுத்தைப் பாத்துத்தான் அச்சடிப்பாங்களாம். வேணாம்னுதானேக்கா வரும்? ஆறு வரிசையும் ஒரே மாதிரி குஞ்சு போட்டிருக்குன்னு நேத்துகூடப் பாத்தேன்."

"ஒரே மாதிரிதான் போட்டிருக்கு. போட்டது பாதி செத்துக் கிடக்கு."

"என்னது?"

"நான் செத்ததையும் உயிரோடன்னு எழுதிட்டேன். எனக்குக் கண்ணு தெரியல."

மேனேஜர் சிரித்தார். "விளையாடாதீங்க. உங்களுக்குக் கண்ணு தெரியலைன்னா இந்தக் கூடத்துலயே யாருக்கும் தெரியலைன்னு அர்த்தம்."

"ஆமா சார். அதையும் சேத்துத்தான் சொல்றேன்."

பதிவேட்டை அவர் முன்னால் விரித்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் கெமிஸ்டுக்கு விடுமுறை. அந்தப் பக்கங்களில் 'பார்த்தேன்' என்று போட்டிருந்தது மேனேஜரின் கையெழுத்து. அவர் பார்த்தார். இரண்டு பக்கம் புரட்டினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"எப்பலேர்ந்துக்கா?"

"தெரியல சார். வீட்ல அக்கா இருந்தவரைக்கும் அவ படிப்பா, நான் கேப்பேன். அதனால தெரியல. அவ போனப்புறம் தப்பாப் பாத்தாலும் தப்புன்னு சொல்ல ஆளில்ல. அதனாலயும் தெரியல."

"அப்போ மார்ச்ல அனுப்பின பசை அறிக்கை?"

"அதையும் திரும்பப் பாக்கணும்."

"அது போய்ச் சேந்து நாலு மாசமாச்சு!"

"அதான் சீக்கிரம் பாக்கணும்ங்கறேன்."

அவர் எழுந்து ஜன்னலருகே போனார். திரும்பி வந்தார். கோபப்படுவார் என்று எதிர்பார்த்தாள். கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் குரல் இறங்கித்தான் வந்தது.

"பதினெட்டு நாள் வேலை. எல்லாத்தையும் கொட்டிட்டு முதல்லேர்ந்து ஆரம்பிக்கணும். அவங்ககிட்ட நான் என்ன சொல்றது?"

"மூணு பேர் பாக்க வேண்டியதை ஒருத்தி பாத்தா, அவளுக்கும் கண்ணு இல்லன்னு சொல்லுங்க."

"அப்படியே சொல்ல முடியுமா?" கொஞ்ச நேரம் மேசையைத் தட்டிக்கொண்டிருந்தார். "சொல்லித்தான் ஆகணும், வேற வழி?" பிறகு அவளைப் பார்க்காமல், "அக்கா, ஒண்ணு. தப்பா எடுத்துக்காதீங்க. இனிமே எண்ண வேணாம். கண்ணைக் காட்டுங்க. ஆபரேஷன்னா பண்ணிக்குங்க. அதுக்கப்புறம் புதுசா வர்றவங்களுக்கு வைக்கற சோதனையை உங்களுக்கும் வைக்கணும். அதுல தேறினா பாப்போம். அதுவரைக்கும்..." என்று இழுத்தார்.

"அதுவரைக்கும்?"

"நோட்டுல எழுதுங்க. அவ எண்ணட்டும்."

"பெரிய எழுத்தா எழுதினாத்தான் எனக்குத் தெரியும்."

"பெரிய நோட்டா வாங்கித் தரேன்."

இருவரும் சிரித்தார்கள்.

மத்தியானம் அறுபது பீக்கரையும் காலி செய்தார்கள். திரவம் கலந்த தண்ணீரை ஆற்றில் போகும் சாக்கடையில் ஊற்ற முடியாது. கழிவுப் பீப்பாயில்தான் ஊற்ற வேண்டும். மேனேஜர் உறையைப் பிரித்துப் படித்தார். ஊதாவில்தான் திரவம் மிக அதிகம். மஞ்சளில் வெறும் தண்ணீர்.

"மஞ்சள் பத்துப் பேரையும் கொட்டாதே" என்றாள் அக்கா. "அதுங்க ஒரு தப்பும் பண்ணல. வளர்ப்புத் தொட்டியில விடு."

"மஞ்சள் ஒண்ணு, இதோ விடறேன்" என்றாள் கெமிஸ்ட். "குதிச்சுட்டுப் போகுது. மஞ்சள் ரெண்டு. இது கொஞ்சம் சோம்பேறிக்கா, அப்படியே நிக்குது. இல்ல, போயிடுச்சு. மஞ்சள் மூணு..."

அக்கா தொட்டிப் பக்கமாகத் தலையைச் சாய்த்து நின்றாள். மற்றவர்களோடு சேர விட்ட பிறகு அவை என்ன செய்கின்றன என்று பார்க்க ஆசையாக இருந்தது. அவளுக்குப் பச்சைத் தண்ணீர்தான் தெரிந்தது. கெமிஸ்ட் பத்து வரை சொல்லி நிறுத்தினாள்.

"என்ன, மேல சொல்லு."

"அவ்வளவுதான்க்கா. பத்துதான்."

"ஆமாமா, பத்துதான்" என்றாள்.

கிளம்பும்போது கதவில் இருந்த காகிதத்தைக் கிழிக்கக் கையை வைத்தாள். ஓரம் மட்டும் பிய்ந்து வந்தது. பழைய பசை, லேசில் விடவில்லை. கெமிஸ்ட் நகத்தால் சுரண்டிச் சுரண்டி எடுத்தாள். "காலைல ஒன்பது மணிக்கு உங்க வீட்டுக்கு வந்துடறேன், கண் ஆஸ்பத்திரிக்குச் சேந்தே போகலாம். நீங்க பஸ் ஏறி எங்கயாவது கடல் பக்கம் போயிடப் போறீங்க" என்றாள். அவளுக்கு இப்போது பயம் கொஞ்சம் விட்டிருந்தது.

மறுநாள் காலை எட்டு மணிக்கே புடவை கட்டித் தயாராகிவிட்டாள். போக இடம் இல்லாத ஒரு மணி நேரம். அக்கா உட்கார்ந்து படிக்கும் நாற்காலியில் நேற்றைய செய்தித்தாள் மடிப்புக் கலையாமல் கிடந்தது. எட்டு மாதமாக அவள் அதை நிறுத்தவில்லை. தினமும் வாங்குவாள், தினமும் அந்த நாற்காலியில் வைப்பாள். படிக்க மனசில்லை என்றுதான் தன்னிடமே சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஜன்னலைத் திறந்தாள். எதிர் மாடியில் ஒரு பெண் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். உலர்த்துவது பெண் என்பது வளையல் சத்தத்தில் தெரிந்தது. நாலு வருடமாக எதிர் வீடு. ஒரு வார்த்தை பேசியதில்லை.

பூனை மேடை மேல் சுருண்டு கிடந்தது. வழக்கமாகச் சொல்வதைச் சொல்ல வாயைத் திறந்து, மூடிக்கொண்டாள். ஜன்னல் கம்பியிலிருந்து கையை எடுத்தாள். மனசுக்குள் பதினைந்து எண்ணினாள்.

"ஏம்மா!" என்று கூப்பிட்டாள். "ஏம்மா, உங்களைத்தான்!"

"என்னையா?"

"அந்த மோட்டார் மேடை மேல இருக்கறது பூனையா?"

அந்தப் பெண் திரும்பிப் பார்த்தாள். "பூனையா? சாக்கும்மா. மழை படாம இருக்க மோட்டார் மேல போட்டது."

"மூணு மாசமாவா?"

"இருக்கும், மூணு மாசம். ஏம்மா?"

"ஒண்ணுமில்ல." ஒரு நாளைக்கு ஒரு முறை என்றாலும் தொண்ணூறு முறை. எழுதி வைத்திருந்தால் எல்லாவற்றையும் உயிரோடு என்றுதான் எழுதியிருப்பாள். "ஒண்ணுமில்லம்மா. நான் அதுக்கிட்ட தினம் சொல்லிட்டுத்தான் வேலைக்குப் போவேன்."

எதிர் மாடியில் வளையல் சத்தம் நின்றது. சிரிப்பு வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை.

"பூனையும் ஒண்ணு வரும்மா" என்றது அந்தக் குரல். "இதே நிறம்தான். சூடா இருக்குன்னு சாக்கு மேலயே வந்து படுத்துக்கும். தினமும் இல்ல."

"அப்படியா? இன்னிக்கு?"

"இன்னிக்குச் சாக்கு மட்டும்தான்."

தெருவில் ஆட்டோ வந்து நிற்கும் சத்தம் கேட்டது. இன்னும் ஒன்பது ஆகவில்லை. கெமிஸ்டாக இருக்காது.

"வந்தா சொல்றீங்களா?" என்றாள். "நான் ஜன்னல்கிட்டதான் இருப்பேன்."

"குரல் குடுக்கறேன்மா."

அந்தப் பெண் வாளியை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். கதவு சாத்திக்கொண்டது. அவள் ஜன்னலைச் சாத்தாமல், அக்காவின் நாற்காலியில் இருந்த செய்தித்தாளை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, அதிலேயே உட்கார்ந்தாள்.